‘டர்போ போயிடுச்சு’ என்று மெக்கானிக் சொன்னால்… பணம் கட்டும் முன் கேட்க வேண்டியது என்ன?

பெங்களூரிலிருந்து ஊருக்குப் போகும் வழி. ஓசூரைத் தாண்டி சூளகிரிப் பக்கம் வரும்போது கார் திடீரென்று இழுவையை இழந்தது. ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வேகம் 60-ஐத் தாண்டவில்லை. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் நீலப் புகை. அது செகண்ட் ஹேண்டில் வாங்கிய டீசல் ஹேட்ச்பேக். டோ செய்து பெங்களூருக்கே திரும்பக் கொண்டுவந்த பிறகு மெக்கானிக் சொன்னது ஒரே வரிதான்: “டர்போ போயிடுச்சு மேடம். மாத்தணும்.”

மாற்றினேன். அந்த மாதச் சம்பளத்தில் பெரும்பகுதி அதற்கே போனது. மூன்றே வாரத்தில் புது டர்போவும் போனது.

இந்த முறை வேறு கடை, வேறு மெக்கானிக். அவர் டர்போவுக்கு ஆயில் கொண்டுபோகும் மெல்லிய குழாயைக் கழற்றி, குறுக்கே வெட்டிக் காட்டினார். உள்ளே ஆயில் கருகி, கரியாக இறுகி, வழி ஊசி நுழையும் அளவுக்குச் சுருங்கியிருந்தது. “பழைய டர்போவைக் கொன்னதும் இதுதான், புதுசைக் கொன்னதும் இதுதான். இதை யாருமே பார்க்கல” என்றார்.

டர்போ தானாகப் பழுதாவது குறைவு. பெரும்பாலும் வேறு ஏதோ ஒன்று அதைப் பழுதாக்குகிறது. அந்த ‘வேறு ஏதோ’ என்ன என்று கண்டுபிடிக்காமல் டர்போவை மட்டும் மாற்றினால், அதே பில்லை இரண்டு முறை கட்ட வேண்டியிருக்கும். இதை எப்படித் தவிர்ப்பது?

டர்போ என்ன செய்கிறது?

இன்ஜினில் எரிபொருள் எரிய காற்று வேண்டும். அதிகக் காற்று உள்ளே போனால் அதிக எரிபொருளை எரிக்கலாம். அதிக சக்தி கிடைக்கும். சாதாரண இன்ஜின் காற்றைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். டர்போ இன்ஜினில் காற்று அழுத்தி உள்ளே தள்ளப்படுகிறது.

அந்தத் தள்ளும் வேலைக்கான சக்தி, வீணாக வெளியேறும் புகையிலிருந்து வருகிறது. சூடான எக்ஸாஸ்ட் வாயு ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழற்றும். அதற்குப் பெயர் டர்பைன். அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரம், கம்ப்ரஸர். அது வெளிக்காற்றை இழுத்து, அழுத்தி, இன்டர்கூலர் வழியாகக் குளிர்வித்து இன்ஜினுக்கு அனுப்புகிறது. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூச்சி 1905-ல் காப்புரிமை பெற்ற யோசனை இது. அடிப்படை இன்றுவரை மாறவில்லை.

நம்ம ஊர் கார்களில் ஏன் இத்தனை டர்போ?

ஒரு காரணம் தொழில்நுட்பம், இன்னொன்று வரி.

ஜிஎஸ்டி கணக்கில் ‘சின்னக் கார்’ என்றால் நீளம் 4 மீட்டருக்கு மிகக் கூடாது. இன்ஜின் பெட்ரோலில் 1,200 சிசி, டீசலில் 1,500 சிசிக்கு மிகக் கூடாது. 2025 செப்டம்பர் 22 முதல் இந்த வரம்புக்குள் இருக்கும் பெட்ரோல், டீசல் கார்களுக்கு 18% வரி, தாண்டினால் 40%. அதனால் நிறுவனங்கள் இன்ஜினைச் சின்னதாகவே வைத்துக்கொண்டு, குறைகிற சக்தியை டர்போ மூலம் ஈடுகட்டுகின்றன.

ஒரே காரில் கிடைத்த இரண்டு இன்ஜின்களைப் பாருங்கள். 2019-ல் வந்த ஹூண்டாய் வென்யூவில் டர்போ இல்லாத 1.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் 83 பிஎஸ் சக்தி தரும். அதைவிடச் சின்னதான 1.0 லிட்டர் டர்போ 120 பிஎஸ் தரும். ஒரு சிலிண்டர் குறைவு, சக்தி 40 சதவீதத்துக்கும் மேல் அதிகம். நெக்ஸான், சோனட், ஃப்ராங்ஸ் என்று இன்று பல சின்னக் கார்களில் டர்போ பெட்ரோல் உண்டு. டீசலில் கேட்கவே வேண்டாம். இன்றைய டீசல் கார் என்றாலே டர்போதான்.

அதாவது, டர்போ என்பது இனி ரேஸ் கார் சமாச்சாரம் இல்லை. ஐந்து, ஆறு வருடம் கழித்து செகண்ட் ஹேண்ட் சந்தைக்கு வரும் கார்களில் கணிசமானவை டர்போவோடுதான் வரும். முதல் கார் வாங்கப்போகும் உங்களுக்கும் எனக்கும் இது நேரடியான பணப் பிரச்சினை.

ஒரு சின்னக் கணக்கு

சின்னக் கார்களின் டர்போ முழு வேகத்தில் நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்று வரை சுற்றும். வினாடிக்கு 3,333 சுற்று. நீங்கள் ஒருமுறை கண் சிமிட்டும் நேரத்தில் சுமார் ஆயிரம் சுற்று முடிந்திருக்கும்.

சக்கரத்தின் குறுக்களவு 40 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அந்த வேகத்தில் அதன் விளிம்பு மணிக்கு சுமார் 1,500 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. காற்றில் ஒலி போகும் வேகமே மணிக்கு சுமார் 1,235 கிலோமீட்டர்தான். ஒரு பக்கம் 900 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடிய எக்ஸாஸ்ட் வாயு, சில அங்குலம் தள்ளி மறுபக்கம் வெளிக்காற்று. நடுவில் ஒரே ஒரு தண்டு.

அந்தத் தண்டைத் தாங்குவது எது? பெரும்பாலான கார் டர்போக்களில் பால் பேரிங் கிடையாது. தலைமுடியைவிட மெல்லிய ஒரு ஆயில் படலத்தின் மேல் தண்டு மிதந்தபடி சுற்றுகிறது. அந்த ஆயில்தான் பேரிங்கின் உயிர். குளிர்விப்பதிலும் பெரும்பங்கு அதற்கே. இன்ஜினுக்குள் ஓடும் அதே ஆயில்தான் அங்கும் போகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் எளிதாகப் புரியும்.

டர்போவைப் பழுதாக்குவது எது?

ஆயில் போதாமை: ஆயில் அளவு குறைவு, குழாய் அடைப்பு, ஆயில் பம்ப் பலவீனம் என எதுவாக இருந்தாலும் முதல் அடி டர்போவுக்குத்தான். படலம் ஒரு சில வினாடி அறுந்தாலே உலோகத்தோடு உலோகம் உரசத் தொடங்கும்.

அழுக்கு ஆயில்: மாற்றாமல் விட்ட ஆயிலில் கரித்துகள், உலோகத்துகள் சேரும். அவை பேரிங்கை உப்புத்தாள் போலத் தேய்க்கும். பிஎஸ்6 டீசல் கார்களில் இன்னொரு சிக்கல் உண்டு. புகைக்கரியை எரிக்கும் டிபிஎஃப் சுத்திகரிப்பு, குறுகிய தூர ஓட்டத்தில் பாதியில் நின்றுகொண்டே இருந்தால், கொஞ்சம் டீசல் ஆயிலோடு கலந்துவிடும். டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு ஏறுகிறதே என்று சந்தோஷப்படாதீர்கள்; அது நீர்த்துப்போன ஆயில்.

உள்ளே விழும் பொருள்: ஏர் ஃபில்டர் கிழிந்திருந்தால் மணல், தூசி நேராக கம்ப்ரஸர் சக்கரத்தில் மோதும். சர்வீஸில் மறந்துவிட்ட ஒரு சின்ன ஸ்க்ரூ போதும், இறக்கைகள் நொறுங்க. எக்ஸாஸ்ட் பக்கத்தில் உடைந்த வால்வுத் துண்டோ, குளோ பிளக் முனையோ இதே வேலையைச் செய்யும்.

சூடு: மலைப்பாதையில் ஏறி வந்து நிறுத்தியவுடன் சாவியைத் திருப்பினால், ஆயில் ஓட்டம் நின்றுவிடும், டர்போவின் சூடு நிற்காது. உள்ளே தேங்கிய ஆயில் கருகிக் கரியாகும். என் காரின் குழாய் அடைத்ததும் இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான்.

அதிவேகம்: டர்போவிலிருந்து இன்ஜினுக்குப் போகும் குழாயில் கசிவு இருந்தால், தேவையான அழுத்தத்தைக் கொடுக்க டர்போ கூடுதலாகச் சுற்ற வேண்டியிருக்கும். ‘ரீமேப் பண்ணினா பவர் கூடும்’ என்று கார் கம்ப்யூட்டரின் அமைப்பை மாற்றுவதும் இதே ஆபத்தைக் கொண்டுவரலாம்.

ஐந்தில் முதல் நான்கும் பராமரிப்போடும் ஓட்டும் பழக்கத்தோடும் நேரடியாகத் தொடர்புள்ளவை. அதில் மூன்று, சுற்றிச் சுற்றி ஆயிலிடமே வந்து நிற்கின்றன.

ஓடோமீட்டர் சொல்லாத கணக்கு

“10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாத்தறேனே” என்று நீங்கள் கேட்கலாம். இங்கேதான் எண்கள் ஏமாற்றும்.

நெடுஞ்சாலையில் சராசரி 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால் 10,000 கிலோமீட்டருக்கு இன்ஜின் ஓடும் நேரம் சுமார் 167 மணி. பெங்களூரு அவுட்டர் ரிங் ரோடு மாதிரி இடத்தில் சராசரி 20 கிலோமீட்டர் வேகம் என்றால் அதே 10,000 கிலோமீட்டருக்கு 500 மணி. ஓடோமீட்டர் இரண்டையும் ஒன்றாகக் காட்டும். ஆயிலுக்கு வேலை மூன்று மடங்கு.

இதனால்தான் பல கார்களின் மேனுவலில் ‘கடினமான பயன்பாடு’ என்று தனி அட்டவணை இருக்கிறது. நெரிசல், தூசி, கடும் வெயில், அடிக்கடி குறுகிய தூர ஓட்டம் ஆகியவை அதில் வரும். நம் நகர வாழ்க்கையின் வர்ணனை மாதிரியே இருக்கும்! அந்த அட்டவணையில் ஆயில் மாற்றும் இடைவெளி சாதாரண அட்டவணையைவிடக் குறைவு; சில கார்களில் பாதி. உங்கள் மேனுவலில் அந்தப் பக்கத்தை ஒருமுறை தேடிப் பாருங்கள்.

அறிகுறிகள் என்ன சொல்கின்றன?

இழுவை குறைவது: டர்போ அழுத்தம் கொடுக்கவில்லை என்று பொருள். ஆனால் டர்போதான் காரணம் என்று பொருள் இல்லை. பல கார்கள் இந்த நிலையில் செக் இன்ஜின் விளக்கைப் போட்டு, தங்களைக் காத்துக்கொள்ள சக்தியைத் தாங்களே குறைத்துக்கொள்ளும்.

நீலப் புகை: ஆயில் எரிகிறது. டர்போ சீல் வழியாக இருக்கலாம்; பிஸ்டன் ரிங், வால்வு சீல் தேய்ந்தும் இருக்கலாம்.

கறுப்புப் புகை: டீசலுக்குத் தகுந்த காற்று போகவில்லை. கிழிந்த குழாயோ அடைத்த ஏர் ஃபில்டரோ காரணமாக இருக்கலாம்.

தொடர்ந்து வரும் வெள்ளைப் புகை: கூலன்ட் அல்லது எரியாத டீசல். குளிர்ந்த காலையில் கொஞ்ச நேரம் வருவது வெறும் நீராவிதான்.

சத்தம்: மெல்லிய விசில் இயல்பு. அது சைரன் போல ஏறினாலோ, உலோகம் உரசும் ஒலி வந்தாலோ மேற்கொண்டு ஓட்டாதீர்கள். ‘புஸ்ஸ்’ என்ற காற்றுச் சத்தம் என்றால் முதலில் குழாய்களைப் பார்க்க வேண்டும்.

டர்போவைக் கழற்றும் முன்

கீழே உள்ள வரிசை, செலவு குறைவானதிலிருந்து கூடியதற்குப் போகிறது. “இதெல்லாம் பார்த்துட்டீங்களா அண்ணா?” என்று மெக்கானிக்கிடம் தயங்காமல் கேளுங்கள்.

1. ஸ்கேன்: பி0299 என்ற கோடு அழுத்தம் குறைவு என்று சொல்லும், பி0234 அழுத்தம் அதிகம் என்று சொல்லும். இரண்டுமே அறிகுறியைத்தான் சொல்கின்றன, காரணத்தை இல்லை. ‘கோடு வந்திருச்சு, டர்போ மாத்தணும்’ என்பது காய்ச்சலைப் பார்த்ததும் ஆபரேஷன் செய்யச் சொல்வது மாதிரி.

2. ஆயில்: அளவு, நிறம், கடைசியாக மாற்றிய தேதி, ஊற்றிய கிரேடு.

3. ஏர் ஃபில்டரும் குழாய்களும்: ஃபில்டர் கிழிந்திருக்கிறதா, அடைத்திருக்கிறதா? கிளாம்ப் தளர்ந்திருக்கிறதா? இன்டர்கூலரில் வெடிப்பு உண்டா? புகையை உள்ளே செலுத்திப் பார்க்கும் சோதனையில் கசிவு கண்ணுக்கே தெரிந்துவிடும். சில நூறு ரூபாய் கிளாம்ப் சரிசெய்ய வேண்டியதற்கு முழு டர்போவை மாற்றிவிடக் கூடாது.

4. கட்டுப்பாட்டுப் பாகங்கள்: அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட், அதை இயக்கும் ஆக்சுவேட்டர், வேக்குவம் குழாய், சோலினாய்டு. வெடித்துப்போன ஒரு ரப்பர் குழாய் போதும், டர்போ செத்த மாதிரியே கார் நடந்துகொள்ள.

5. எக்ஸாஸ்ட் வழி: டிபிஎஃப் அல்லது கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அடைத்திருக்கிறதா? இஜிஆர் வால்வு திறந்தபடி சிக்கியிருக்கிறதா?

6. தண்டின் ஆட்டம்: கடைசியாக இது. இன்ஜின் ஆறிய பிறகு, காற்றுக் குழாயைக் கழற்றி கம்ப்ரஸர் சக்கரத்தை விரலால் அசைத்துப் பார்ப்பார்கள். பக்கவாட்டில் லேசான ஆட்டம் இயல்பு. ஆயில் படலம் இல்லாதபோது அப்படித்தான் இருக்கும். முன்னும் பின்னுமாக அசைவு தெரிந்தாலோ, இறக்கை சுவரில் உரசிய தடம் இருந்தாலோ, இறக்கை வளைந்திருந்தாலோ டர்போ முடிந்தது. இதை உங்கள் கண்முன்னே காட்டச் சொல்லுங்கள்.

குழாயில் ஆயில் ஈரம் தெரிந்ததை மட்டும் வைத்து முடிவெடுக்கவும் கூடாது. மெல்லிய ஈரம் பல இன்ஜின்களில் இயல்பு. ஆயில் திரும்பி வரும் குழாய் அடைத்திருந்தாலும், இன்ஜினுக்குள் வாயு அழுத்தம் கூடியிருந்தாலும் நல்ல டர்போவே கசியும்.

மாற்றியே ஆக வேண்டும் என்றால்?

முதலில் கேட்க வேண்டியது, “பழைய டர்போ எதனால போச்சு?” பதில் இல்லை என்றால் புது டர்போவைப் பொருத்த விடாதீர்கள்.

பதில் கிடைத்த பிறகு, டர்போவோடு சேர்த்து மாற்ற வேண்டியவை: ஆயில் போகும் குழாய், இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், கேஸ்கெட்டுகள். ஆயில் திரும்பும் குழாயைச் சுத்தம் செய்ய வேண்டும் அல்லது மாற்ற வேண்டும். இறக்கை உடைந்திருந்தால் இன்டர்கூலரைக் கழற்றித் துண்டுகள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தத் துண்டுகள் நேராக இன்ஜினுக்குள் போகும். ஆயில் நுழையும் இடத்தில் சிலிக்கான் பசை தடவக் கூடாது; பிசிறு உள்ளே போய் வழியை அடைக்கும்.

பொருத்தியதும் ஸ்டார்ட் செய்து உறுமவிடுவது பெரிய தவறு. டர்போவுக்குள் முதலில் சுத்தமான ஆயில் ஊற்ற வேண்டும். எரிபொருளைத் துண்டித்துவிட்டு இன்ஜினைச் சில முறை சுழற்றி, ஆயில் போய்ச் சேர்ந்ததை உறுதிசெய்து, பிறகு ஸ்டார்ட் செய்து சில நிமிடம் ஐடிலிலேயே விட வேண்டும். வறண்ட பேரிங்கோடு ஓடும் முதல் சில வினாடிகளே புது டர்போவின் ஆயுளைக் குறைத்துவிடும்.

முழு டர்போவுக்குப் பதில் நடுப்பகுதியான ‘கோர்’ மட்டும் மாற்றுவது மலிவு. பேலன்ஸ் செய்யப்பட்ட கோராக இருந்தால் அது சரியான வழிதான். பேலன்ஸ் ரிப்போர்ட்டும் எழுத்துபூர்வ வாரண்டியும் கேளுங்கள். பழைய பாகத்தையும் காட்டச் சொல்லுங்கள்.

ஒரு அபூர்வமான, ஆனால் ஆபத்தான நிலை

டீசல் காரில் டர்போ சீல் முழுவதுமாக விட்டுவிட்டால், இன்ஜின் தன் ஆயிலையே எரிபொருளாக உறிஞ்சத் தொடங்கலாம். அடர்ந்த புகையோடு இன்ஜின் வேகம் தானாக ஏறும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. மேனுவல் கார் என்றால் ஓரமாக நிறுத்தி, பிரேக்கை முழுவதும் அழுத்தியபடி உயர்ந்த கியரைப் போட்டு கிளட்சை விட்டால் இன்ஜின் திணறி நின்றுவிடும். ஆட்டோமேட்டிக் என்றால் நிறுத்தி, பார்க்கிங் பிரேக் போட்டு, எல்லோரும் இறங்கித் தள்ளிப் போய்விடுங்கள். பானெட்டைத் திறந்து குனியாதீர்கள்.

தடுக்க என்ன செய்யலாம்?

- மேனுவல் சொன்ன ஆயில் கிரேடு மட்டும். ‘எல்லாம் ஒண்ணுதான்’ என்பதை நம்பாதீர்கள். டைரக்ட் இன்ஜெக்‌ஷன் டர்போ பெட்ரோல் இன்ஜினுக்கு ஏபிஐ எஸ்பி போன்ற தரக்குறியீட்டுக்குப் பின்னால் காரணம் உண்டு: குறைந்த வேகத்தில் எரிபொருள் முன்கூட்டியே பற்றிக்கொள்ளும் பிரச்சினையைத் தடுப்பதும் அதில் அடங்கும்.
- மாதம் ஒருமுறை டிப்ஸ்டிக் பாருங்கள். இரண்டு நிமிட வேலை. கூடினாலும் குறைந்தாலும் விசாரியுங்கள்.
- ஆயில் பிரஷர் விளக்கு எரிந்தால் ‘அடுத்த பங்க் வரை’ என்று ஓட்டாதீர்கள். அங்கேயே அணையுங்கள்.
- ஸ்டார்ட் செய்தவுடன் உறுமவிடாதீர்கள். முதல் அரை நிமிடம் நிதானம். முதல் சில கிலோமீட்டர் மென்மை.
- நெடுஞ்சாலை வேகத்திலிருந்தோ மலையேற்றத்திலிருந்தோ நேராக வந்து நிறுத்தினால், அணைக்கும் முன் ஒரு நிமிடம் ஐடிலில் விடுங்கள். டோல் கடந்ததும் ஃபுட் பிளாஸாவில் இறங்கும் அவசரம்தான் இங்கே எதிரி. நகரில் மெதுவாக ஓட்டி வீட்டுக்கு வந்தால் இது தேவையில்லை.
- தூசி நிறைந்த சாலைகளில் ஓட்டினால் ஏர் ஃபில்டரை அட்டவணைக்கு முன்பே பாருங்கள்.

இன்சூரன்ஸ் கொடுக்குமா?

வழக்கமான மோட்டார் இன்சூரன்ஸில் தேய்மானமும் மெக்கானிக்கல் பழுதும் சேராது. கைகொடுக்கக்கூடியது வாரண்டி அல்லது நீட்டிக்கப்பட்ட வாரண்டி. அதற்கு ஆதாரம் சர்வீஸ் பதிவுகள். வெளியே ஆயில் மாற்றினாலும் கிரேடு, தேதி, கிலோமீட்டர் எழுதிய பில்லை வாங்கி, போட்டோ எடுத்து வையுங்கள். தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

செகண்ட் ஹேண்ட் டர்போ கார் வாங்குகிறீர்களா? ஓடோமீட்டரைவிட ஆயில் மாற்றிய பில்களைக் கேளுங்கள். நான் வாங்கியபோது கேட்கவில்லை. பெயின்ட் பார்த்தேன், டயர் பார்த்தேன், மியூசிக் சிஸ்டம் பார்த்தேன்.

அந்தக் குழாயை மாற்றிய பிறகு பொருத்திய டர்போ இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. குழாயின் விலை, இரண்டு டர்போக்களுக்கு நான் கொடுத்ததோடு ஒப்பிட்டால் சில்லறை.